வெய்ரா என்று சொன்னால் போதும்

எத்தியோப்பியாவுக்குப் போன முதல் வாரத்தில் ஒரு குடுக்கை நல்ல பாலைக் கீழே கொட்டிவிட்டேன்.

2012-இல் தெப்ரே தாபோர் என்ற மலையூரில் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பாஹிர் தார் நகரத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 2,700 மீட்டர் உயரம். பக்கத்து வீட்டு அம்மா அன்று காலையில் கறந்த பாலைச் சுரைக்குடுக்கையில் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் திறந்ததும் புகை வாடை. அடிப்பிடித்த பாலாக இருக்கும், கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து அவர் போனபின் வாசலோரம் ஊற்றிவிட்டேன். மறுநாள் குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் அதைக் கழுவிக் கவிழ்த்து உலர்த்தினார். பிறகு அடுப்பிலிருந்து கங்கு பிடித்த ஒரு மரத்துண்டை எடுத்து, தீ நாக்கை ஊதி அணைத்து, குடுக்கைக்குள் விட்டு வாயை மூடினார். சிறிது நேரம் கழித்துத் திறந்தபோது முதல் நாள் நான் முகர்ந்த அதே வாடை. "வெய்ரா" என்று விறகைக் காட்டிச் சொன்னார். முகத்தில் பெருமை.

புகையிட்ட குடுக்கையில் பால் எளிதில் கெடாது. தயிராக உறைந்தாலும் ருசி தனி. ஒரு மாதம் கழித்து நகரத்துக் கடையில் பாக்கெட் பால் வாங்கிக் குடித்தபோது ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. குறைந்தது அந்தப் புகை.

அகராதியில் வெய்ராவுக்கு ஒலிவம் என்று போட்டிருந்தது. தாவரவியல் புத்தகங்களில் பார்த்தால் ஆப்பிரிக்கக் காட்டொலிவம். லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட ஒலியா யூரோப்பியா என்ற ஒலிவ இனத்தின் துணையினங்களில் ஒன்று. கஸ்பிடாட்டா என்று பெயர். நாம் ஊறுகாயாகவும் எண்ணெயாகவும் பார்க்கும் மத்தியதரைக் கடல் ஒலிவமும் இதே இனத்தின் இன்னொரு துணையினம்தான். ஆக, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுக்குத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. மற்றொன்றுக்குப் பெயருக்கு முன்னால் 'காட்டு' என்ற சொல் கிடைத்தது.

அந்த முன்னொட்டு எனக்கு அன்றைக்கே உறுத்தத் தொடங்கியது. தமிழில் ஒரு செடியின் பெயருக்கு முன்னால் 'காட்டு' வந்தால் பெரும்பாலும் 'உண்மையானது வேறு, இது அதன் தரம் குறைந்த சாயல்' என்றே காதில் விழுகிறது. காட்டாமணக்கு என்றதுமே ஆமணக்கு ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. அம்ஹாரிக் மொழியில் வெய்ராவுக்கு அப்படி ஒரு முன்னொட்டு இல்லை. அங்கே வெய்ராதான் ஒலிவம். நோவாவின் பேழைக்குப் புறா கொத்திக்கொண்டு வந்த இலை அம்ஹாரிக் விவிலியத்தில் வெய்ரா இலை. கப்பலேறி வரும் ஒலிவ எண்ணெய்ப் புட்டிக்கும் அங்கே 'வெய்ரா எண்ணெய்' என்றே பெயர். தங்கள் மலையில் நிற்கும் மரத்தை வைத்து வெளியூர் மரத்தை அடையாளம் சொல்கிறார்கள். நாம் சொல்வதற்கு நேர் எதிர்த் திசை. எத்தியோப்பியாவின் இன்னொரு மொழியான ஒரோமோவில் இதற்கு எஜெர்ஸா என்று பெயர். பேரரசர் ஹைலே செலாசி பிறந்த ஊர் எஜெர்ஸா கோரோ. புளியங்குடி, இலுப்பூர் என்று நாம் மரத்தின் பெயரை ஊருக்கு இட்டதைப் போலத்தான்.

மரத்தை நேரில் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது முறுக்கு. இளமரத்தின் பட்டை சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். வயது ஏற ஏறக் கருத்து வெடித்து, அடிமரம் கயிறு திரித்தது போலப் புரி ஏறிவிடும். சாதாரணமாக 10 முதல் 15 மீட்டர் உயரம். இலை நீண்டு குறுகியது, நுனியில் ஒரு சிறு கொக்கி. மேற்புறம் பளபளக்கும் கரும்பச்சை. திருப்பினால் பொன்னும் துருவும் கலந்த பழுப்பு. மத்தியதரைக் கடல் ஒலிவத்தின் இலை அடியில் வெள்ளி நிறமாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு அடையாளமே போதும். காற்றடிக்கும்போது மரம் முழுவதும் பொன்னிறத்துக்கு மாறி மீண்டும் பச்சைக்குத் திரும்புவதை வகுப்பறைச் சன்னலிலிருந்து எத்தனையோ மாலைகள் பார்த்திருக்கிறேன். பூ மிகச் சிறியது, நான்கு இதழ், வெண்மை, மெல்லிய மணம். ஒலிவமும் மல்லிகையும் ஒரே குடும்பம். வெய்ராப் பூங்கொத்தை முகர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

கனிதான் எல்லோரையும் ஏமாற்றும். ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, பழுத்தால் கருநீலம். கொட்டையைச் சுற்றிச் சதை என்று சொல்ல மெல்லிய ஒரு படலம், அதுவும் கடுங்கசப்பு. பயிரிடும் ஒலிவத்தின் காயும் பச்சையாகத் தின்றால் கசக்கத்தான் செய்யும். ஒலியூரோப்பீன் என்ற பொருள் இரண்டிலும் உண்டு. ஆனால் அதில் சதையும் எண்ணெயும் ஏராளம். இதில் பறவைக்கு மட்டுமே போதுமானது இருக்கிறது. விருந்தினராக வந்த நண்பர்கள் எல்லோரும் மரத்தடியில் நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எண்ணெய் கிடைக்குமா? கிடைக்காது என்றதும் அவர்கள் கண் மரத்தை விட்டு அகன்றுவிடும். அந்தக் கேள்விக்கு அப்பால்தான் இந்த மரத்தின் வாழ்க்கையே தொடங்குகிறது என்பதை அவர்களுக்கு நின்று விளக்க நான் அப்போது பழகியிருக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வெய்ராவின் செல்வம் அதன் கட்டை. பச்சையாக வெட்டிய துண்டைத் தண்ணீரில் போட்டால் கல்லைப் போல மூழ்கும். வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் கரும்பழுப்பு வரிகள் ஓடும். இழைப்பது கடினம், ஆணி இறங்காது; ஆனால் ஒருமுறை செதுக்கிவிட்டால் கறையான் எளிதில் நெருங்காது. மண்வெட்டிப் பிடி, கோடரிக் காம்பு, ஏரின் உறுப்புகள், வீட்டுத் தூண், வேலிக் கம்பம் என்று உழவர் வாழ்க்கையில் அது தொடாத இடமில்லை. ஆடு மேய்ப்பவர் தோளில் குறுக்கே போட்டு இரு கைகளையும் தொங்கவிட்டு நடக்கும் தடிக்கு துலா என்று பெயர். நல்ல துலா என்றால் வெய்ராவில் செய்தது. காலையில் பஸ் நிலையத்தில் சிறுவர்கள் விரல் நீளக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி விற்பார்கள், பல் துலக்க. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் வாங்கி மென்றேன். கசப்பு முதல் நாள் மட்டும்தான் தெரியும்.

புகையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். தெல்லா என்ற வீட்டு பீரைக் காய்ச்சுவதற்கு முன் பானையைக் கழுவி, வெய்ராத் துண்டு எரியும் கங்கின்மேல் கவிழ்த்து வைப்பார்கள். அந்தப் புகை பானையின் நுண்துளைகளில் ஏறி, பானத்துக்குத் தன் மணத்தைக் கொடுக்கும். தெற்கே போரானா மக்கள் பால் கலங்களுக்கு எஜெர்ஸாப் புகை போடுகிறார்கள். எல்லை தாண்டி மாசாய் மக்களும் பால் குடுக்கைகளை இதன் கங்கால்தான் துலக்குகிறார்கள். அவர்கள் மொழியில் மரத்தின் பெயர் ஒலோய்ரியென். குளிர்பெட்டி இல்லாத நிலத்தில் பாலைக் காப்பாற்றத் தெரிந்த மரம் இது. எண்ணெய் இல்லாத ஒலிவம் என்று இதைக் கைவிடுகிறவர்கள் ஒரு குவளைப் பாலைக் குடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இலைக் கஷாயத்தை இரத்த அழுத்தத்துக்குக் குடிப்பது வழக்கம். அதைப் பற்றி ஆய்வகச் சோதனைகளும் நடந்திருக்கின்றன. நான் அதற்குள் போகவில்லை; மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இலையைக் காய்ச்சுகிறவர்களைப் பார்த்திருப்பதால் அந்தப் பேச்சில் எனக்குத் தயக்கம் உண்டு.

இவ்வளவு பயன் இருப்பதே மரத்துக்கு வினையாயிற்று. நின்று எரியும் விறகு, கனமான கரி. ஆகவே முதலில் வெட்டப்படுவது வெய்ரா. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் ஒரு காலத்தில் வெய்ராவும் தித் என்ற ஆப்பிரிக்க ஜூனிப்பரும் சேர்ந்து பெருங்காடாக நின்றன. இன்று பாஹிர் தாரிலிருந்து தெப்ரே தாபோர் வரும் வழியெங்கும் வயல், மேய்ச்சல் நிலம், இடையிடையே யூக்கலிப்டஸ். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பேரரசர் இரண்டாம் மெனலிக் காலத்தில், விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க வந்த மரம் அது. அம்ஹாரிக்கில் அதை 'பாஹிர் ஸாஃப்' என்கிறார்கள்: கடல் மரம், கடல் கடந்து வந்த மரம். நட்ட ஐந்தாறு ஆண்டுகளில் கம்பமாக விற்றுவிடலாம். மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் பணம் தேவைப்படும் உழவர் எதை நடுவார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெய்ரா நட்டவர் அந்தக் கட்டையைப் பயன்படுத்த மாட்டார். பேரன் பயன்படுத்தலாம்.

அப்படியானால் வெய்ரா எங்கே பிழைத்திருக்கிறது? கோயில்களில். எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையின் பல கோயில்களைச் சுற்றி ஒரு காட்டுத் துண்டு இருக்கும். வட்டமான கோயில், அதைச் சுற்றி மரங்கள், அதற்கு அப்பால் உழுத நிலம். விமானத்திலிருந்து பார்த்தால் பழுப்புப் பாயில் பச்சைப் பொட்டுகள். தெப்ரே தாபோர் இருக்கும் தெற்கு கோண்டர் வட்டாரத்தில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேல் உண்டு. பெரும்பாலானவை சில ஹெக்டேர் பரப்பே. மரம் கோயிலின் ஆடை என்பது அங்குள்ள நம்பிக்கை. ஆடை இல்லாமல் கோயிலை நிற்கவிட மாட்டார்கள். நம் ஊர்ப்பக்கத்து ஐயனார் கோயில் காட்டில் விறகு பொறுக்கவும் பயந்த பாட்டியின் ஞாபகம் வந்தது.

ஆனால் அந்தக் காடுகளுக்குள் நடந்து பார்த்தபோது மனம் கனத்தது. முதிய மரங்கள் இருந்தன, கன்றுகள் அரிது. மாடும் ஆடும் தாராளமாக உள்ளே வந்து போயின. அலெமாயெஹு வாஸ்ஸெ என்ற எத்தியோப்பியச் சூழலியலாளர் இதே வட்டாரக் கோயில் காடுகளில் வேலியிட்டு ஆய்வு செய்தவர். கால்நடை நுழையாத இடத்தில் நாற்றுகள் கூடுதலாக வேரூன்றியதை அவர் குழு பதிவு செய்தது. பின்னர் மார்கரெட் லோமன் என்ற அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து, குருமாரை அழைத்துப் பேசி, வயலில் கிடக்கும் கற்களைப் பொறுக்கிக் காட்டைச் சுற்றி மதில் எழுப்பும் வேலையைத் தொடங்கினார். வயலுக்குக் கல் தொல்லை தீர்ந்தது, காட்டுக்கு மாட்டுத் தொல்லை தீர்ந்தது. நான் பார்த்த நல்ல யோசனைகளில் இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

அந்த மதில்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில்தான் நானே வெய்ரா வளர்ப்பது என்று தீர்மானித்தேன். கருத்த கனிகளாகப் பொறுக்கி, 200 கொட்டைகளைப் பிளாஸ்டிக் பைகளில் நட்டேன். மழைக்காலம் முழுவதும் காத்திருந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை.

வளாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவரை எல்லோரும் 'காஷே' என்று அழைப்போம்; அண்ணன், ஐயா இரண்டும் கலந்த மரியாதைச் சொல். அவர் என்னை 'மெம்ஹிர்' என்பார். ஆசிரியர் என்று பொருள். பைகளைப் பார்த்துவிட்டு, "மெம்ஹிர், இது மனிதர் விதைக்கும் மரம் இல்லை, பறவை விதைக்கும் மரம்" என்றார். கையைப் பிடித்துக் கோயில் காட்டின் ஓரத்துக்கு அழைத்துப்போய்ப் புறாக்கள் அடையும் மரத்தடியைக் காட்டினார். மஞ்சள் அலகும் உடலில் வெண்புள்ளிகளும் கொண்ட ஆப்பிரிக்க ஒலிவப் புறா. இந்தக் கனியைத் தின்பதால்தான் அந்தப் பெயரே. சதையெல்லாம் நீங்கிய சுத்தமான கொட்டைகள் அங்கே கிடந்தன.

இரண்டாம் ஆண்டு அவர் சொன்னபடி செய்தேன். கனியை மணலோடு சேர்த்துத் தேய்த்துச் சதையை முழுக்க நீக்கினோம். தண்ணீரில் போட்டு மிதந்தவற்றை ஒதுக்கினோம். வெய்ராக் கொட்டையின் ஓடு மரம் போலவே கெட்டி. உள்ளே தண்ணீர் போவதும் முளை வெளியே வருவதும் பெரும்பாடு. முதல் ஆண்டு நான் தோற்றது அங்கேதான். குறட்டால் நுனியை மட்டும் மெல்ல நெரித்து விரிசல் விட வேண்டும். ஒரு மயிரிழை அதிகம் அழுத்தினால் பருப்பு நசுங்கிவிடும். மூன்றில் ஒன்றை நசுக்கினேன். தப்பியவற்றை இரண்டு நாள் ஊறவைத்து, நிழலில், ஆற்று மணலில் ஊன்றினோம். ஆறாம் வாரம் முதல் முளை தெரிந்தது. 80 கொட்டைகளில் 31 முளைத்தன. அன்று காஷே தன் வீட்டுத் தெல்லாவைக் கொண்டுவந்து எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

பதியம், போத்து என்ற வழிகளும் உண்டு. வெறும் குச்சியை நட்டால் பெரும்பாலும் காய்ந்துபோகும். வேர் ஊக்கி தடவி, ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொண்டால் வாய்ப்பு கூடும். அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தின் லெகெஸ்ஸெ நெகாஷ் இந்த மரத்தை விதையின்றிப் பெருக்கும் முறைகளைப் பற்றி 2003-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். எனக்கு விதைக் கன்றின் மேல்தான் ஆசை.

ஓராண்டில் கன்றுகள் ஒரு சாண் உயரம் வந்தன. அவ்வளவுதான் வளரும். ஜூன் மாதம் கிரெம்த் என்ற பெருமழைக் காலம் தொடங்கியதும் நட்டோம். எனக்குத் திறந்த சரிவில், வரிசையாக, பார்ப்பதற்கு அழகாக நட வேண்டும். காஷே தலையசைத்து மறுத்தார். நான் கேட்கவில்லை. 20 கன்றுகளை என் விருப்பப்படி சரிவிலும், 11 கன்றுகளை அவர் விருப்பப்படி ஆகாம் புதர்களின் காலடியிலும் வைத்தோம். ஆகாம் வேறொன்றும் இல்லை. நம் கரட்டுக் காடுகளில் முள்ளோடு நிற்கும் சிறுகளாதான். அடுத்த மழைக்குள் சரிவில் இருந்த 20-உம் போய்விட்டன. வெயில் சில, பனி சில, மிச்சத்தை ஆடு. புதருக்குள் வைத்தவற்றில் 7 உயிரோடு இருந்தன. முள் ஆட்டைத் தடுத்தது, நிழல் ஈரத்தைப் பிடித்துவைத்தது. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: திக்ராய் பகுதியில், மேய்ச்சலுக்கு மூடிய நிலங்களில் ஆய்வு செய்தவர்களும் வெய்ராக் கன்றுகள் புதர்களின் கீழேயே பிழைப்பதைக் கண்டிருக்கிறார்கள். பறவை புதரில் அமர்ந்து எச்சமிடுகிறது. புதர் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. செவிலிச் செடி என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. நிலத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று புதரை வெட்டிவிட்டு மரம் நடுகிறவர்கள் செவிலியைத் துரத்திவிட்டுக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறார்கள்.

இந்த மரத்தின் நிலப்பரப்பு மிகப் பெரியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபிய மலைகள், ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இமயத்தின் மேற்குச் சரிவு வழியாகச் சீனாவின் யுன்னான் வரை போகிறது. பாகிஸ்தானில் காஹு என்கிறார்கள். காஹு மரத்தின் கிளைகளை வெட்டிப் பயிரொலிவத்தை ஒட்டுக்கட்டும் பணி அங்கே பல பகுதிகளில் நடக்கிறது. வேர் ஏற்கெனவே நிலத்தைப் பிடித்திருப்பதால் சீக்கிரம் காய்க்கும். உழவருக்கு வருமானம், வரவேற்கிறேன். ஆனால் மலையெல்லாம் ஒட்டுக்கட்டிவிட்டால் புறாவுக்கு எது மிஞ்சும் என்ற கவலையும் கூடவே வருகிறது. காட்டொலிவத்தால் பயிரொலிவத்துக்கு இன்னொரு உதவியும் கிடைத்தது. கலிபோர்னியாவில் 1998-இல், ஒலிவக் காயைக் கெடுக்கும் ஒலிவ ஈ தலைகாட்டியபோது, அதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைத் தேடி ஆய்வாளர்கள் வந்தது ஆப்பிரிக்காவின் காட்டொலிவக் கனிகளிடம்தான். கென்யாவில் கிடைத்த குளவி அங்கே கொண்டுபோய் விடப்பட்டது.

மறுபுறமும் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இதே மரத்தைச் சிட்னிக்குத் தென்மேற்கே கேம்டன் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பறவைகள் அதைக் காடெங்கும் பரப்பின. அடர்ந்த நிழலில் உள்ளூர்ச் செடிகள் மடிகின்றன. இன்று நியூ சவுத் வேல்ஸ் அரசு அதை உள்ளூர்த் தாவரங்களுக்கு அச்சுறுத்தல் என்று பட்டியலிட்டு வைத்திருக்கிறது. என் 7 கன்றுகளுக்காகத் தவமிருந்த எனக்கு அதைப் படிக்கவே வலித்தது. ஆனாலும் அவர்கள் அதைப் பிடுங்குவது சரி. அதன் வீடு அதுவல்ல. ஆகவே ஆசைப்பட்டு விதையைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் ஒரு கொட்டைகூடக் கொண்டுவரவில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இடலை என்று இதே ஒலியா பேரினத்தைச் சேர்ந்த மரம் நிற்கிறது. நடுவதற்குக் கை அரிக்கிறவர்கள் அதைத் தேடிப் போகலாம்.

நான் அங்கிருந்து திரும்பிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கிளம்பும் நாளில் காஷே கொடுத்த துலா என் மேசை அருகே சாய்ந்து நிற்கிறது. கை பட்டுப் பட்டு நடுவில் எண்ணெய் தேய்த்தது போல மினுங்குகிறது. அவர் பேரன் அவ்வப்போது கைப்பேசியில் படம் அனுப்புவான். 7 கன்றுகளில் இப்போது 4 இருக்கின்றன. கடைசிப் படத்தில் ஒரு கன்று ஆகாம் புதரைத் துளைத்து வெளியே வந்து, பக்கத்தில் நிற்கும் அந்தப் பையனின் தோளுயரம் இருந்தது. இனிப் புதரை வெட்டிவிடலாமா, கன்றுக்கு வெளிச்சம் வேண்டாமா என்று கேட்டு எழுதினேன். தாத்தாவிடம் கேட்டுவிட்டு மறுநாள் பதில் அனுப்பினான்: இன்னும் ஒரு கிரெம்த் போகட்டுமாம்.